கூற்றின் வகையறிதல்

எழுதப்பட்ட சொற்கள் யாவும் கண்ணுக்கு ஒரு தன்மையவாகவே தோன்றும். அரசன் ஒருவன் இன்ன ஆண்டில் இன்ன ஊரை இறையிலியாக விட்டான் என்பதும், அவன் சினங்கண்டு திசைகள் நடுங்கின என்பதும், அவ்வறத்தை அழித்தவன் கங்கைக் கரையிற் காராம்பசுவைக் கொன்ற பாவத்திற் படுவான் என்பதும் ஒரே கல்லில், ஒரே உளியால் வெட்டப்பட்டிருத்தல் உண்டு. எழுத்து ஒன்றாயினும் அவை உணர்த்தும் கூற்றுக்கள் ஒன்றல்ல. முதலாவது நிகழ்ச்சியை அறிவிப்பது, இரண்டாவது புகழுரை, மூன்றாவது அறம் அழியாமற் காக்கும் ஓம்படை. முதலாவதனை மெய்யோ பொய்யோ என வினவுதல் முறை. இரண்டாவதனை அங்ஙனம் வினவி, திசைகள் நடுங்கியதில்லை எனக் கண்டுபிடித்து மகிழ்வோன் நகைப்புக்கு இடமாவான். மூன்றாவது ஒன்றை அறிவித்தலினும் ஒன்றைத் தடுத்தலையே கருதி எழுந்தது.

இவ்வேறுபாட்டை நோக்காது எல்லாவற்றையும் ஒரே துலாக்கோலில் இட்டு நிறுப்போர் இருவகையினர். எழுதப்பட்டன யாவும் ஒரே தன்மையான மெய் என்று கொள்வோர் ஒரு சாரார். ஒன்றிற் பழுது கண்டவுடன் யாவும் பொய் என்று தள்ளுவோர் மற்றொரு சாரார். இவ்விருவரும் தம்முட் பகைவராகத் தோன்றினும், இவர்தம் பிழை ஒன்றே. அஃதாவது, கூற்றின் வகையறியாமை. இது கல்விக் குறைபாடு மட்டுமன்று. வாய்மைக்கு ஊறு செய்வதும் ஆம் என்பது இங்கு ஆராயப்படும்.

சோலையார்பேட்டையினின்று சேலம் செல்லும் இருப்புப்பாதையில் சாமல்பட்டி என்னும் நிலையம் உளது. 2004 ஆம் ஆண்டில் தருமபுரி மாவட்டத்தினின்று பிரித்தமைக்கப்பட்ட கிருஷ்ணகிரி மாவட்டத்தில், ஊற்றங்கரை வட்டத்தைச் சார்ந்தது இவ்வூர். கன்னட நாட்டெல்லைக்கு அணித்தாகிய இம்மாவட்டத்திலும், இதனை அடுத்த தருமபுரி, செங்கம் பகுதிகளிலும் நடுகற்கள் மிகுதியாகக் கிடைத்துள்ளன. ஆனிரை கவர்தலும் மீட்டலும் பண்டு அடிக்கடி நிகழ்ந்த முல்லையும் குறிஞ்சியும் ஆகிய நாடு இதுவாகலின், அப்பூசல்களிற் பட்டார்க்குக் கல் எடுத்தல் இங்கு நெடுங்கால வழக்காயிற்று. கல்லைக் காண்டல் தொடங்கி வாழ்த்துதல் ஈறாக அவ்வழக்கின் துறைகளைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கின்றது. அக்கற்களுட் பல இன்றும் மரநிழலில் வேடியப்பன் என்னும் பெயரால் விளக்கும் மாலையும் பெற்று நிற்கின்றன.

கூற்றின் வகையறிதற்கு இக்கற்களினும் எளிய பாடம் வேறில்லை. செங்கம் வட்டாரத்து எடுத்தனூர்க் கல் ஒன்றனைக் காண்க. பல்லவ மன்னன் மகேந்திரவர்மனது முப்பத்து நான்காம் ஆட்சியாண்டில், வாண அரசர் மரபினரைச் சார்ந்து வாழ்ந்த கருந்தேவக்கத்தி என்னும் வீரன் பட்டான் என்று அக்கல் கூறுகின்றது. அவனுடைய நாயின் பெயர் கோவிவன் என்றும், அது கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் அதிற் பொறிக்கப்பட்டுளது. வீரன் உருவத்தின் அருகில் நாயின் உருவமும் உண்டு. அரசனுக்கு ஓர் அடைமொழிப் புகழும் இல்லை, வீரனுக்கும் இல்லை. இன்னான் இன்ன ஆண்டிற் பட்டான், அவன் நாய் இன்னது செய்தது என்னும் அளவே உளது. கண்டார் கண்டதனைச் சொன்ன கூற்று இது.

இனி, ஒசூர், கிருஷ்ணகிரிப் பகுதிகளிலே பிற்காலத்து எழுந்த நடுகற்கள் சிலவற்றில் சிற்பம் பல அடுக்குகளாக அமைந்திருத்தல் காணலாம். கீழடுக்கில் வீரன் பகைவரோடு பொருகின்றான். நடுவடுக்கில் தெய்வ மகளிர் இருவர் அவனை ஏந்திச் செல்கின்றனர். மேலடுக்கில் அவன் சிவலிங்கத்தின்முன் அமர்ந்திருக்கின்றான். மூன்று அடுக்கையும் செதுக்கிய கை ஒன்றே. ஆயினும் மூன்றும் ஒருவகைக் கூற்று அல்ல. கீழடுக்கு நிகழ்ந்ததனை ஊரார் சொல்லக் கேட்டுச் செதுக்கியது. மேலடுக்கு எவரும் கண்ணாற் கண்டு செதுக்கியதன்று; கடமையின்பொருட்டு உயிர் ஈந்தான் இறைவன் திருவடி நிழலை எய்துவான் என்னும் துணிபினாற் செதுக்கியது. கீழடுக்கிற் சான்று வேண்டுவது முறை. மேலடுக்கிற்கு அதே சான்றினைக் கேட்போன் துணிபு இன்னது என்றே அறியான். மேலடுக்கினைக் காட்டி, அவன் வீடு பெற்றமைக்குக் கல்லே சான்று என்பானும் அங்ஙனமே அறியாதான்.

இவ்வேறுபாட்டிற்குச் சித்தாந்த நூல்களே கருவி தந்துள்ளன. சிவஞான சித்தியாரின் அளவையியலில் அருணந்தி சிவாசாரியார், பிறர் ஆறென்றும் பத்தென்றும் விரித்த அளவைகளை யெல்லாம் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடக்கினார். அவ்வளவில் நில்லாது, ஒவ்வொன்றனுள்ளும் வேறுபாடு கண்டார். காண்டலை இந்திரியக் காட்சி, மானதக் காட்சி, தன்வேதனைக் காட்சி, யோகக் காட்சி என நான்காக்கினார். கருதலைத் தன்பொருட்டாயது, பிறர்பொருட்டாயது என இரண்டாக்கினார். உரையையும் தந்திரம், மந்திரம், உபதேசம் என மூன்றாகப் பகுத்தார். இறைவன் திருவாக்காகிய ஆகமத்தின்கண்ணேயே, கிரியைகளை முன்பின் மலைவற வகுத்தலும், தெய்வத்தை வழிபடும் முறையை உணர்த்தலும், முப்பொருளின் இயல்பைத் தெரிவித்தலும் வெவ்வேறு தொழில் என்று வகுத்துக் கொள்ளப்பட்டன. மீமாஞ்சகரும் வேத வாக்கியங்களை விதி, விலக்கு, அருத்தவாதம் முதலாகப் பிரித்து, ஒன்றனைப் புகழ்ந்து கூறும் வாக்கியத்தை விதியாகக் கொள்ளலாகாது என்றனர். அருள் நூலிற்கே இத்துணை வகையறிவு வேண்டப்படுமாயின், மக்கள் எழுதிய ஏட்டிற்கும் கல்லிற்கும் அது வேண்டும் என்பது சொல்லாமலே அமையும்.

எடுத்தனூர்க் கல் ஆண்டு குறிக்கப் பெயர் சொல்லிய அம்மகேந்திரவர்மனையே ஈண்டு எடுத்துக்கொள்ளலாம். அவனைப்பற்றிய எழுத்துக்கள் பலவகையின. அவற்றை ஒருங்கு வைத்து நோக்கின் கூற்றின் வகைகள் தாமே விளங்கும்.

விழுப்புரம் மாவட்டத்து மண்டகப்பட்டுக் குடைவரையில் அவ்வரசன் பொறித்த வடமொழிக் கல்வெட்டு, செங்கல், மரம், உலோகம், சுதை ஆகிய இவை இன்றி அயன், அரன், அரி மூவர்க்கும் இக்கோயில் ஆக்கப்பட்டது என்கின்றது. இக்கூற்றினை ஒருவன் நேரிற் சென்று கண்ணாற் காணலாம். குடைந்த பாறை இன்றும் நிற்கின்றது. இது காட்சிக்கு அடங்கும் கூற்று.

634 ஆம் ஆண்டைச் சார்ந்த அய்கொளெக் கல்வெட்டிலே, சளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியின் புகழ் பாடிய இரவிகீர்த்தி என்னும் புலவர், தம் அரசனது சேனை எழுப்பிய புழுதியிற் பல்லவர் கோன் மறைந்து காஞ்சி மதிலின் உட்புறம் ஒடுங்கினான் என்னும் பொருள்படக் கூறினார். எட்டாம் நூற்றாண்டில் இரண்டாம் நந்திவர்மன் காலத்தெழுந்த காசாக்குடிச் செப்பேடோ, மகேந்திரவர்மன் புள்ளலூரிலே தன் பகைவருள் தலையாயினாரை அழித்தான் என்கின்றது. ஒன்று பகைவன் அவைப் புலவர் வாக்கு. மற்றொன்று நூறாண்டிற்கு மேற்பட்ட காலத்தின் பின், அவன் அரியணையில் இருந்தோர்தம் வாக்கு. இரண்டும் புகழுரை. புகழுரையுள்ளும் நிகழ்ச்சி ஒன்று உள்ளிருத்தல் கூடும். ஆயினும் அதனைப் பிரித்தெடுத்தல் வேண்டும். காசாக்குடிச் செப்பேடு பகைவன் பெயரைக் கூறவில்லை. அப்பகைவன் புலிகேசியே என்பது, இரண்டு எழுத்துக்களையும் இணைத்து நோக்கி வரலாற்றாசிரியர் கருதிக் கொண்டது. கருதல் குற்றமன்று, அதுவும் ஓர் அளவையே. ஆயின், புலிகேசியை வென்றான் என்று செப்பேடு கூறுகின்றது என ஒருவர் எழுதுவாராயின், கருதலை உரையாக்கிய குற்றத்திற்கு ஆளாவர். செப்பேடு கூறாத சொல்லைச் செப்பேட்டின் வாயிற் புகுத்தியதாகும் அது.

இனி, சைவ அன்பர்கள் நெஞ்சிற்கு மிக அணிமையான கூற்றிற்கு வருவோர் இன்னும் விழிப்பாயிருத்தல் வேண்டும். அப்பர் சுவாமிகள் சமண் சமயத்தினின்று மீண்ட பின்னர், அரசனால் நீற்றறையில் இடப்பெற்றும், நஞ்சூட்டப் பெற்றும், யானைமுன் விடப்பெற்றும், கல்லொடு பிணித்துக் கடலில் இடப்பெற்றும் திருவருளாற் பிழைத்த வரலாற்றைச் சேக்கிழார் பெருமான் பெரிய புராணத்தில் விரித்தருளினார். பின்னர் அவ்வரசன் சைவம் சார்ந்து, திருவதிகையிற் குணபரவீச்சரம் என்னும் கோயிலை எடுத்தான் என்பதும் அப்புராணத்துட் காணப்படும். திருச்சிராப்பள்ளி மலைமேற் குடைவரையிலுள்ள கல்வெட்டில் மகேந்திரவர்மன் குணபரன் என்னும் பெயரால் வழங்கப்படுகின்றான். விபக்கமான ஒழுக்கத்தினின்று மீண்டவனது ஞானம் இவ்விலிங்கத்தால் உலகிற் பரவுக என்பது அக்கல்வெட்டுச் செய்யுள் ஒன்றன் கருத்து. இவற்றை ஒருங்கு வைத்தே, அப்பர் சுவாமிகளால் ஆட்கொள்ளப்பட்ட பல்லவன் மகேந்திரவர்மனே என்று அறிஞர் துணிந்தனர். வரலாற்று நூல்கள் பலவற்றினும் இம்முடிபே காணப்படுகின்றது.

இம்முடிபு தக்க காரணம் உடையதே. ஆயினும் இதன்கண் எவ்வெவ் வகைக் கூற்றுக்கள் கலந்துள்ளன என்று பகுத்து நோக்குதல் வேண்டும். சேக்கிழார் அரசனைப் பல்லவன் என்றும் காடவன் என்றும் கூறினாரன்றி, மகேந்திரவர்மன் என்னும் பெயரால் யாண்டும் கூறிற்றிலர். கோயிற் பெயர் குணபரவீச்சரம் என்பது அவர் வாக்கு. குணபரன் மகேந்திரனுடைய பெயர் என்பது கல்வெட்டின் வாக்கு. இரண்டனையும் இணைத்து, அவ்வரசன் இவ்வரசனே என்பது கருதல். இனி, கல்வெட்டு விபக்க ஒழுக்கத்தினின்று மீண்டதனைக் குறித்ததேயன்றி, அவ்வொழுக்கம் சமணம் என்று பெயர் கூறிற்றில்லை. அதனைச் சமணம் என்று கொள்வதும் கருதலே. மேலும், அச்செய்யுள் சிலேடையாக அமைந்தது. இலிங்கம் என்பது சிவலிங்கத்தையும், தருக்க நூலில் ஏதுவாகிய குறியையும் உணர்த்தும். விபக்கம் என்பது மறுதலையான நெறியையும், தருக்க நூலார் கூறும் மறுதலை எடுத்துக்காட்டினையும் உணர்த்தும். 1890 ஆம் ஆண்டில் அக்கல்வெட்டினைப் பதிப்பித்த ஊல்ச் என்னும் செருமானிய அறிஞர் இவ்விரு பொருளையும் எடுத்துக்காட்டினார். அளவை நூற் சொற்களாலேயே அமைந்த செய்யுளை அளவை நோக்காது பொருள் கொள்ளுதல் பொருந்துமா?

அற்றேல், இவ்வாறு பகுத்து நோக்குதல் அடியார்தம் பத்தியைத் தளர்விக்கும் அன்றோ எனின், அற்றன்று. வகையறியாமையே பத்திக்கு இடர் செய்வது. என்னை? மகேந்திரவர்மனை அப்பர் ஆட்கொண்டார் எனப் பெரிய புராணம் கூறுகின்றது என்று ஒருவர் கேட்பார்க்கு உரைப்பதாகக் கொள்க. நாளை ஒரு புதிய கல்வெட்டு வெளிப்பட்டு, குணபரன் என்னும் பெயர் மற்றொரு பல்லவனுக்கும் உரித்தாயிற்று என்று காட்டுமாயின், அக்கேட்டார் என்ன கருதுவர்? புராணம் பிழைபட்டது என்றே கருதுவர். பிழைபட்டது புராணமன்று, புராணத்தின்மேல் ஏற்றப்பட்ட கருதலே பிழைபட்டது. தாம் கருதியதனைச் சேக்கிழார் வாக்காகக் கூறியவர், அவரைப் போற்றுவதாக எண்ணி, அவரைப் பொய்ச்சான்றில் நிறுத்தியவராவர். அன்பினாற் செய்யினும் அது வாய்மைக்கு மாறே. தெரிந்து பொய் கூறுதல் ஒருவகைப் பொய். ஒன்றன் வகையை உயர்த்திக் கூறுதல் மற்றொருவகைப் பொய். இரண்டாவது பொய் நல்லோரிடத்தும் எளிதிற் புகும். ஆதலின் அதனை அஞ்சுதல் வேண்டும்.

சேக்கிழார் பெருமான் உரைக்க எடுத்துக்கொண்ட பொருளோ, அரசன் பெயரின்மேல் நிற்பதன்று. அஞ்சாமையும், இறைவன் அடியாரைக் காத்தலும், பகைத்தவனும் ஈற்றில் அருளுக்கு ஆளாதலும் அவர் உணர்த்த விரும்பியவை. அரசன் இன்னான் என்னும் ஆராய்ச்சி எவ்வழிச் செல்லினும் இப்பொருள் தளர்வதில்லை. தளராத பொருளைத் தளரக்கூடிய தூணின்மேற் சார்த்தி வைத்தல் அறிவுடைமை ஆகாது.

இனி, மறுதலைச் சாரார் கூறுவதனையும் நோக்குதல் வேண்டும். நீற்றறையும் நஞ்சும் கல்வெட்டிற் காணப்படவில்லை. ஆதலின் அவை நிகழ்ந்தில என்பர் அவர். இதுவும் வகையறியாமையே. கல்வெட்டு ஒன்றைக் கூறாமை அதனை மறுத்ததாகாது. அரசன் தன் குடைவரையிற் பொறிப்பது தான் பொறிக்க விரும்பியதனையே. தான் ஒருவரைத் துன்புறுத்தினமையை எவ்வரசனும் தூணிற் பொறித்து வைப்பதில்லை. மண்டகப்பட்டுக் கல்வெட்டில் எடுத்தனூர்க் கருந்தேவக்கத்தியின் பெயர் இல்லை. அதனால் அவன் வாழ்ந்திலன் என்று கூறுவாருண்டோ? புகழ் ஒன்றும் இல்லாத அச்சிறு கல்லே, மகேந்திரவர்மன் முப்பத்து நான்கு ஆண்டளவேனும் ஆண்டான் என்பதற்குச் சான்றாயிற்று. புகழ் நிறைந்த எழுத்துக் கூறாததனை, ஒரு நாயின் செயலைக் குறித்த எழுத்துக் கூறிற்று. எழுத்தின் பெருமை எழுதுவித்தவன் பெருமையால் அளக்கப்படுவதன்று.

வகையறிதலைச் சித்தாந்த ஆசிரியர்கள் தம் நூலமைப்பிலேயே பயிற்றினர். சித்தியாரின் பரபக்கத்தில் உலகாயதர் முதலாகப் பதினால்வர் கொள்கைகள் முதலில் அவரவர் கூற்றாகவே நிறுத்தப்பட்டு, பின்னர் மறுக்கப்படுகின்றன. உலகாயதன் கூற்றாக அமைந்த செய்யுளை மட்டும் எடுத்து, அருணந்தி சிவாசாரியார் மறுமை இல்லை என்றார் என ஒருவன் எழுதினால், செய்யுள் அவருடையதே, சொல்லும் அவருடையதே. ஆயினும் கூற்று அவருடையதன்று. தன் கொள்கையை நிறுவுதலும், பிறர் கொள்கையை எடுத்துக் களைதலும் வேறு வேறாதல் பற்றியே நன்னூலாரும் மதம் ஏழு என வகுத்தார். சிவஞானபோதத்துள் மேற்கோளும் ஏதுவும் எடுத்துக்காட்டும் தனித்தனியே நிற்றலும் இக்கருத்தே பற்றி. துணிந்தது எது, துணிதற்கு ஏது எது, விளக்குதற்குக் காட்டிய உவமை எது என்பதனை மாணாக்கன் மயங்காதிருத்தற்பொருட்டே அங்ஙனம் நிறுத்தப்பட்டன. உவமையைத் துணிபாகக் கொள்வோன் எந்நூலையும் கற்றவனாகான்.

ஆகவே, எவ்வகை எழுத்தையும் கற்கப் புகுவோர் சில வினாக்களைத் தமக்குள் எழுப்புதல் நன்று. இதனைக் கூறுவோர் கண்டு கூறுகின்றனரா, கருதிக் கூறுகின்றனரா, பெரியோர்வழிக் கேட்டுக் கூறுகின்றனரா? அறிவித்தல், விதித்தல், புகழ்தல், அஞ்சுவித்தல், வாழ்த்துதல் என்பவற்றுள் எதனைச் செய்கின்றனர்? தம் கொள்கையைக் கூறுகின்றனரா, பிறர் கொள்கையைத் தம் வாயால் எடுத்துரைக்கின்றனரா? இறுதியாக, கற்போன் தான் பிறர்க்கு அதனை எடுத்துரைக்கும்போது, எழுதியவர் வைத்த வகையிலேயே வைக்கின்றானா, தன் விருப்பத்தால் ஒருபடி உயர்த்தியோ தாழ்த்தியோ வைக்கின்றானா? முன்னையவை அறிவுக்கு உரியன. இறுதியது ஒழுக்கத்திற்கு உரியது. அறிந்தும் இறுதி வினாவில் வழுவுவோர் பலர்.

சாமல்பட்டிப் பகுதியில் ஒரு மாலைப்பொழுதில் வேடியப்பன் கல்லின்முன் விளக்கேற்றும் மூதாட்டி ஒருத்தியை நினைக்க. அக்கல்லின் எழுத்தை அவள் அறியாள். அறிந்தான் ஒருவன் வந்து, இது தெய்வமன்று, நிரை மீட்டுப் பட்டவன் கல் என்று கூறின், அவன் படித்தது பிழையன்று. அவளை மறுத்ததே பிழை. அவள் அக்கல்லைப்பற்றி வரலாறு ஒன்றும் கூறவில்லை. காத்து நின்றான் ஒருவன் இன்றும் காப்பான் என்னும் நம்பிக்கையைக் கைகூப்பி உரைக்கின்றாள். அவள் வழிபாட்டையே சான்றாகக் காட்டி, கல்லிலுள்ள எழுத்தைப் படித்தல் வேண்டா என்று தடுப்பானும் பிழை செய்தவனே. கல்லின் எழுத்து எழுத்தறிவானுக்கும், கல்லின்முன் ஏற்றிய விளக்கு அவளுக்கும் உரியனவாகுக. ஒன்றனை ஒன்று மறுக்கவில்லை. இரண்டும் இரண்டு வகைக் கூற்று என்று அறிந்தவனுக்கு அங்கு வழக்கே இல்லை.

மெய்யை விரும்புவோன் மெய்யின் வகைகளையும் விரும்புதல் வேண்டும். காண்டலைக் காண்டலாகவும், கருதலைக் கருதலாகவும், உரையை உரையாகவும் போற்றி, ஒன்றன் இடத்தில் மற்றொன்றை நிறுத்தாது ஒழுகுவாரிடத்து நூல்களும் கற்களும் தத்தம் பொருளைக் குறைவின்றித் தரும் என்க.

திருச்சிற்றம்பலம்.